கொன்றையடிக்கு எங்கேயிருந்து வந்தது இந்தக் கால்?

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். லண்டனில் இருக்கும் அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். எண்பத்தாறிலிருந்து தொண்ணூறு வரை பேச்சுக்கே இடமில்லை, கோப்பை செம்மணல் கல்லூரிக்குத்தான். ஊரில் அதற்கு இரண்டு மைல் தள்ளியிருந்த கொன்றையடிக் கல்லூரியோ இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்தது. கொன்றையடியிடம் தோற்பதற்குத் தனித்திறமை வேண்டும் என்று செம்மணல் சங்கச் செயலாளர் குலசேகரம் ஒருமுறை மேடையிலேயே சொன்னார். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன.

தொண்ணூற்று மூன்றில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. முதற்பிரிவுக்கு ஏறிவந்த கொன்றையடி நாலே ஆட்டத்தில் பத்தொன்பது கோல் போட்டது. செம்மணல் அணியிலோ ஆளுக்கு முப்பத்தெட்டு வயது. கோல்காப்பாளர் குனிந்தால் நிமிர்வதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும்தான். தோற்றால் செம்மணல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட இறங்காத ஒரே கல்லூரி அது. குலசேகரத்துக்கு ஹரோவில் வீடும் நல்ல உத்தியோகமும் இருந்தன. இருந்தும் நாலு பேர் நடுவில் அவர் நெஞ்சை நிமிர்த்தியது இந்த ஒன்றை வைத்துத்தான்.

ஆனால் தோற்றுவிடுவோமே என்ற பயத்தைவிட இன்னொன்று அவரைக் கூடுதலாக அரித்தது. கொன்றையடிக்கு எங்கேயிருந்து வந்தது இந்தக் கால்?

கண்டவரையெல்லாம் கேட்டார். ஆபிரிக்கப் பயிற்சியாளர் ஒருவரை இரகசியமாகப் பிடித்திருக்கிறார்கள் என்றார் ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடைக்காரர். மாட்டெலும்புச் சூப் என்றார் இன்னொருவர். குலசேகரத்தின் மனைவி தவநாயகி வெங்காயம் வெட்டிக்கொண்டே, “அவையள் இளம் பெடியள், ஓடுறாங்கள். உங்கடை ஆக்களுக்கு மூச்சு வாங்குது. இதிலை என்னப்பா ஆராய்ச்சி?” என்றார்.

அது சரிதான். ஆனால் இளம் பையன்கள் ஏன் கொன்றையடிக்கு மட்டும் வந்து குவிகிறார்கள்? அகதியாக வருகிறவர்களில் செம்மணலில் படித்தவன் ஒருவன்கூடவா இல்லை? குலசேகரம் மூன்று சனிக்கிழமை கிங்ஸ்பரிப் பூங்காவுக்குப் போய், கொன்றையடியின் பயிற்சியை மரத்தடியில் நின்று பார்த்தார். வேவு பார்க்கப் போனவர் ரசித்துவிட்டு வந்தார் என்பதுதான் உண்மை. அதிலும் வாசுதேவன் என்ற முன்கள ஆட்டக்காரன் இடக்காலால் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் விதம் அவரை ஏதோ செய்தது. எங்கேயோ பார்த்த ஆட்டம் அது.

எதிரணி ஆட்டக்காரன் உண்மையிலேயே அந்தக் கல்லூரியில் படித்தவனா என்று சந்தேகம் வந்தால், ஆட்டத்துக்கு முன் அவனைக் கூப்பிட்டுக் கல்லூரியைப் பற்றி மூன்று கேள்வி கேட்கலாம் என்று போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. வீடெரிந்து வந்தவர்களிடம் சான்றிதழுக்கு எங்கே போவது? அதற்காக வந்த ஏற்பாடு. பதில் பிழையென்றால் அவன் அணி தோற்றதாகக் கணக்கு. குலசேகரம் வாசுதேவனைக் கூப்பிட்டார்.

கொன்றையடியின் முகாமையாளர் பீற்றர் அவனைக் கூட்டிவந்தார். இருபத்தொரு வயது இருக்கும். சப்பாத்து நாடாவைக்கூட இன்னும் கட்டியிருக்கவில்லை.

“கொன்றையடி அதிபருக்குப் பெடியள் வைச்ச பட்டப்பேர் என்ன?”

“நெட்டையர்.”

“விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்திலை என்ன இருக்கு?”

“ஐஸ் தொழிற்சாலை. இப்ப கூரை இல்லை.”

“சரி. காலமை முதல் மணி எத்தினை மணிக்கு அடிக்கும்?”

வாசுதேவன் பீற்றரைப் பார்த்தான். பிறகு, “காலமை மணி நான் கேட்டதில்லை, அண்ணை” என்றான்.

குலசேகரத்துக்கு உள்ளே குதூகலம் பொங்கியது. காலை மணி கேட்காமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை உலகத்தில் உண்டா? அகப்பட்டுவிட்டான். முதற்பிரிவு தப்பியது.

“பிறகென்னண்டு படிச்சனீர்?”

“எங்களுக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம். ஒண்டரைக்குத்தான் மணி. காலமை கொன்றையடிப் பெடியள், பின்னேரம் நாங்கள்.”

“நாங்கள் எண்டா ஆர்?”

“செம்மணல் பெடியள். தொண்ணூறிலை ஊர் இடம்பெயர்ந்து போச்சு, பள்ளிக்கூடத்துக்குள்ளை ஆமி. எங்களைக் கொன்றையடிதான் சேர்த்தது. பிறகு எங்கடை பேரையும் அவையின்ரை பள்ளிக்கூட இடாப்பிலையே எழுதிட்டினம். எங்கடை ரீமிலை ஏழு பேர் அப்பிடித்தான்.”

ஊர் இடம்பெயர்ந்தது குலசேகரத்துக்குத் தெரியும். அதைக் கண்டித்து நடந்த கூட்டத்தில் பேசியும் இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. இப்போதுதான் அந்த இடக்கால் பிடிபட்டது. செம்மணல் மைதானம் ஒரு பக்கம் சரிவு, அங்கே பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் தட்டுவார்கள். அவரும் அப்படித்தான் தட்டியவர்.

“அப்ப நீர் செம்மணலுக்கு எல்லோ விளையாடியிருக்கவேணும்? ஏன் எங்களிட்டை வரேல்லை?” குரலில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது.

“வந்தனான், அண்ணை. லண்டனிலை இறங்கின கிழமையே உங்கடை சங்கத்துக்கு ரெலிபோன் எடுத்தனான். அதிபரிட்டைக் கடிதம் வாங்கி வந்தாத்தான் சேர்க்கலாம் எண்டு சொன்னவை. மற்றப் பெடியளுக்கும் அதே பதில்தான்.” அவன் குனிந்து நாடாவைக் கட்டினான். “அதிபர் செத்துப்போனார். பள்ளிக்கூடமும் இல்லை. பீற்றர் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை, சப்பாத்து அளவை மட்டும்தான் கேட்டவர்.”

மற்றச் சங்கங்களெல்லாம் மூன்று கேள்வியோடு விட்டபோது, செம்மணல் என்றால் சும்மாவா என்று கடிதச் சட்டம் கொண்டுவந்தவர் குலசேகரம். சங்கத்துத் தொலைபேசி இருந்ததும் அவர் வீட்டில்தான். கடிதத்தோடு திரும்பி வராதவர்களையெல்லாம் போலி என்று நினைத்து அன்றே மறந்துவிட்டவர் அவர். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“தம்பி, ரெலிபோனிலை கதைச்சது நான்தான்.”

“தெரியும், அண்ணை. முதல் கேள்வி கேக்கேக்கையே குரலை மட்டுக்கட்டிட்டன்.”

பீற்றர் வேறு பக்கம் திரும்பி நின்றார். காலை மணியை வைத்து வழக்காடியிருந்தால் நடுவர் குழு குலசேகரத்தின் பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும். அவர் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

செம்மணல் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மூன்றாவது கோலை வாசுதேவன் இடக்காலால் வளைத்துப் போட்டபோது கோட்டுக்கு வெளியே நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் கைதட்டி, யார் இந்தப் பையன் என்று குலசேகரத்திடம் கேட்டார். எங்கள் கல்லூரிப் பையன் என்று சொல்ல வாயெடுத்தவர், “கொன்றையடி” என்று மட்டும் சொன்னார்.