ஆக்ஸிலேட்டரில் ஒரு பாபின் வளையம்

...நிற்கிறது, ஆமாம், கையை எடுத்தாலும் ஆக்ஸிலேட்டர் திருப்பிவிட்ட இடத்திலேயே நிற்கிறது, வண்டி பாட்டுக்கு அதே வேகத்தில் போகிறது, என்னமோ வேறு யாரோ ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போவதைப்போல. ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பெரிய தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சக்கரத்தில் மாட்டுவது, என் பையில் எப்போதும் ஏழெட்டு கிடக்கும், மெஷின் ரிப்பேர்காரனிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும். கைப்பிடி நுனியிலிருக்கும் இரும்புக் குண்டைக் கழற்றி, வளையத்தைக் கோத்து, குண்டை மறுபடி முடுக்கினேன், ரப்பர் கைப்பிடிக்கும் குண்டுக்கும் நடுவில் கவ்விக்கொண்டது. கார்க்காரர்கள் க்ரூஸ் கண்ட்ரோல் என்று பீற்றிக்கொள்வார்களே, அது இதோ என் வண்டியிலும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அலைந்த அலைச்சல் கொஞ்சமா... முதலில் கைப்பிடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் நாக்கு, உள்ளங்கையை வைத்து அழுத்தினாலே போதும், விரலுக்கு ஓய்வு என்றார் உதிரிபாகக் கடைக்காரர், ஓய்வுதான், ஆனால் பிரேக் பிடிக்கப் போன கை நாக்கில் பட்டு வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்ததே, அடுத்த வீட்டுச் சுவரோடு போயிருக்கும். அப்புறம் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, அதை இறுக்கிவிட்டேன், முன்னால் போன லாரி நின்றபோது ஆக்ஸிலேட்டர் திரும்பவே மாட்டேன் என்றது, கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன், எஞ்சின் போட்ட கூச்சலில் லாரிக்காரரே இறங்கி வந்து பார்த்தார். மச்சினனிடம் சொன்னது தப்பு. "மாமா, கையே வைக்காம போகணும்னா பஸ்ஸுல போங்க, டிக்கெட் நான் எடுத்துத் தரேன்" என்றான், கழுதை. ஆனால் இந்த வளையம் அப்படி இல்லை, நிற்கவும் நிற்கும், லேசாகத் திருப்பினால் திரும்பியும் வரும். மெஷினில் நூலின் இறுக்கம் வைப்பதும் இதே கணக்குத்தான், நூல் அறுந்தாலும் தப்பு, தொளதொளவென்று போனாலும் தப்பு, அது எனக்குத் தெரியாததா?

கை மட்டும் சரியாகிவிட்டால் போதும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றும் மரத்துப்போகின்றன. இன்றைக்குத் தையல் கம்பெனியில் கடுகளவு திருகு மூன்று தடவை கை நழுவிப்போனது, மூன்றாவது தடவை சூப்பர்வைசர் அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்து, "என்னண்ணே, கண்ணு தெரியலையா?" என்றார், சிரித்து வைத்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊசிக்கும், அடியில் நூலைப் பிடிக்கிற கொக்கிக்கும் நடுவில் காகிதக் கனம் இடைவெளி வைக்க வேண்டும், அதைக் கண் பார்த்து வைக்க முடியாது, விரல் நுனிதான் சொல்லும், விரல் சொல்லாவிட்டால் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? பயமாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்களேன் என்கிறாள் மனைவி, மாசக்கணக்காக அதே பல்லவி. "வண்டிதான்டி காரணம், முறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போகுது, அதுக்கு ஒரு வழி பண்ணிட்டா சரியாயிடும்" என்றேன். "அப்போ வண்டியையாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் வாய்க்குப் பதில் சொல்ல ஆள் பிறக்கவேண்டும்.

காலையில் போக்குவரத்து நெரிசலில் கையை எடுக்கவே முடியவில்லை, இப்போது சாலை நேராகக் கிடக்கிறது, முன்னால் யாருமில்லை, வலது கை தொடைமேல் கிடக்கிறது, பெட்ரோல் பங்க் போய்விட்டது, தண்ணீர்த் தொட்டியும் போய்விட்டது, இந்நேரம் விரல்கள் விழித்திருக்க வேண்டுமே. பேண்ட்டின் பக்கத் தையலைத் தடவிப் பார்க்கிறேன்... துணி இருப்பது தெரிகிறது, தையல் தெரியவில்லை. இது இரட்டைத் தையலாயிற்றே, மேடு இருக்குமே? வலது கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு இடது கையால் இடப்பக்கத் தையலைத் தடவினால் தெரிகிறது, ஒவ்வொரு தையலாக, ஒரு இடத்தில் நூல் விட்டுப்போயிருப்பது உட்பட. சரி, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும், ரத்தம் ஓட நேரமாகும்... போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டம்ளர் நழுவி உடைந்ததே, சோப்புக் கை என்றேன், அவள்தான் சில்லைப் பெருக்கினாள். அன்றைக்கு மழை, நாள் முழுக்க வீடு, வண்டியைத் தொடவே இல்லையே.

வேகத்தடை வருகிறது, ஆக்ஸிலேட்டரைப் பிடித்துத் திருப்புகிறேன், சொன்ன பேச்சைக் கேட்டு வருகிறது, நல்ல வளையம், ஒரு குறையும் சொல்ல முடியாது. தெருமுனை திரும்பியதும் வாசலில் அவள் நிற்பது தெரிகிறது, காலையில் நான் மாட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே, வண்டியை நிறுத்துவதற்குள் கேட்டுவிடுகிறாள், "என்னங்க, வளையம் நிக்குதா?" நிற்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் வண்டிமேல் குற்றமில்லை என்றாகிவிடும், அடுத்த கேள்வி கையைப் பற்றித்தான் வரும்... ஹெல்மெட் வாரைக் கழற்றத் தொடங்குகிறேன், கொக்கி எங்கே இருக்கிறதென்று வலது கைக்குத் தெரியவில்லை, அவள் அருகில் வந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.