மூன்று தட்டு, அப்புறம் ஒன்று

இப்போதெல்லாம் யாரும் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். பாட்டு ஓடி முடிகிற நேரத்தைவிடப் பத்து மடங்கு நேரம் பேசுகிறார்கள். பேசி முடித்தால் வீட்டுக்குப் போவார்களா என்றால் அதுவும் இல்லை. அதே பாட்டை மறுபடியும் போட்டு, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்கிறார்கள். பாட்டு பிடித்தால் தலையாட்டணும், பிடிக்காவிட்டால் எழுந்து போகணும். நடுவில் வாயைத் திறக்க அதில் என்ன இருக்கிறது?

இதைச் சொன்னால் என் மைத்துனன், "மாமா, உங்களுக்கு இது புரியாது" என்பான். புரியாதுதான். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். அதற்கப்புறம் மர அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றே காது பாதி போனவன். அந்தப் பாதிக் காதுக்கும் கேட்கிற மாதிரி என் தலைக்கு மேல் இத்தனை வருஷம் பாட்டுப் போட்டவன் அவன்.

கீழ் வீட்டில் நானும் என் வீட்டுக்காரியும். மேல் அறையில் அவள் தம்பி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. அதிலும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவனுக்கென்று மிச்சம் இருப்பது அந்த நாலு பேர்தான். நாலும் பரட்டைத் தலை. கிதாரும் டிரம்ஸுமாக ஒரு காலத்தில் ஊர் உலகத்தையே கலக்கினார்களாம். ராக் இசையாம். அந்தக் குழுவின் பேர் என் வாயில் நுழையாது, நான் நுழைய விட்டதுமில்லை. நாலு பேரில் ஒருத்தன் செத்த செய்தி வந்த அன்றைக்கு இவன் பட்டினி கிடந்தான். என் அப்பா செத்த அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

ஞாயிற்றுக்கிழமையானால் மேலே கூட்டம். நரைத்த தலைகள் நாலைந்து வரும். அதில் ஒருத்தருக்கு "ஊசி" என்று பேர். ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்க வேறு யார் கையையும் விடமாட்டார், அதனால். உண்மையில் பஸ் ஓட்டினவர். நான் ரொம்ப நாள் தையல்காரர் என்று நினைத்துக்கொண்டு, கால்சட்டை ஒன்றைக் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னேன். மனுஷர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போய், யாரிடமோ கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்தில் எனக்கு மரியாதை இருந்தது அவரிடம் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டுக்காரி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு மேல ஒரு அம்மா வர்றாங்க. காலேஜ்ல இலக்கியம் நடத்துனவங்க. அந்தக் குழுவைப் பத்தி ரசிகருங்க எழுதுனதையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுறாங்களாம். தம்பி கட்டுரையைப் போடுறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நாற்காலியைத் தூக்கிட்டு வான்னு சொன்னியே?"

"நாற்காலி தூக்குறதுக்கு வாய் எதுக்கு?"

தூக்கிக்கொண்டு போனேன். பேராசிரியை அம்மா ஏற்கெனவே வந்திருந்தார். குட்டையான உருவம், பெரிய கண்ணாடி. மடியில் ஒரு துணிப்பை. அதைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. மின்விசிறி ஓடவில்லை.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். ஒரு பழைய நாவல் இருக்கிறதாம். கலங்கரை விளக்கத்தில் ஒரு காவல்காரன் தனியாக இருக்கிறான். புயல் அடிக்கிறபோது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. மூன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, ஒன்று கடலில் போனவனுக்கு. பரட்டைத் தலைகள் இந்த நாவலைப் படித்துத்தான் கடல் பாட்டு ஒன்று கட்டினார்களாம். "பாட்டு நடுவுல எல்லா வாத்தியமும் நிக்குது பாருங்கம்மா, அங்க அதே தட்டு வருது. அதுக்கப்புறம் ஒரு சங்கிலி கிணுங்குது. நங்கூரச் சங்கிலி!"

"நாவலை அவங்க படிச்சது சரி. அவங்களே சொல்லியிருக்காங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா இந்தத் தட்டு இப்ப கடையில கிடைக்கிற எதுலயும் இல்லையே?"

"இருக்காதும்மா. பின்னால வந்ததுல எல்லாம் கம்பெனிக்காரன் துடைச்சுட்டான். முதல் முதல்ல வந்த ரெக்கார்டுல மட்டும்தான் இருக்கு. என் சிநேகிதன் ஒருத்தன்கிட்ட அது இருந்துச்சு. ஒரே ஒரு மத்தியானம் இரவல் குடுத்தான். இதே ரூம்ல ஸ்பீக்கர் முன்னாடி டேப்ரிக்கார்டரை வெச்சுப் பதிவு பண்ணிக்கிட்டேன். இவங்க வெச்சிருக்கிறது எல்லாம் அதோட நகல்."

நரைத்த தலைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆடின. நகல் எடுத்து நகல் எடுத்து அந்தத் தட்டைக் கேட்டே கிழவனானவர்கள்.

டேப்பை ஓடவிட்டான். ஒரே இரைச்சல். அப்புறம் பஸ் இன்ஜினை அணைத்த மாதிரி எல்லாம் நின்றது. டொக், டொக், டொக். கொஞ்சம் சும்மா இருந்தது. டொக். பின்னாலேயே கிணிகிணி.

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் நங்கூரச் சங்கிலி என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. அவன் பீரோ. அதன் கண்ணாடிக் கதவு எப்போதும் லொடலொட. கீழேயிருந்து நான் ஒட்டடைக் கொம்பால் கூரையில் இடிக்கும்போதெல்லாம், "மாமா, பீரோ கண்ணாடி ஆடுது மாமா" என்று மாடிப்படியில் நின்று கத்துவான். இடித்தால் பாட்டை நிறுத்துவான் என்று நானும் இடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளும் நிறுத்தினதில்லை. இப்போதுதானே தெரிகிறது, நிறுத்தாதது மட்டுமில்லை, டேப்பில் பிடித்தும் வைத்திருக்கிறான்.

வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி தேநீர்த் தட்டோடு வந்து என் காலை மிதித்தாள். அவள் தெரியாமல் மிதிக்கிற ஆள் இல்லை.

பேராசிரியை அவன் கட்டுரையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்தார். "இது முதல்ல வந்ததுதான். எங்க அண்ணன் வாங்கினது. இதுல நான் தட்டைக் கேட்டதா ஞாபகம் இல்லை. கவனிக்காம விட்டிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து கேட்டுருவோம். இருந்தா உங்க கட்டுரைதான் புத்தகத்துல முதல். இல்லைன்னா…"

மைத்துனன் முகம், தண்ணீர் வராத வீட்டு மீட்டர் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. ஊசி கையைத் துடைத்துக்கொண்டு ஊசியைத் துடைத்தார்.

"கொஞ்சம் கீழ போயிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"இப்பவா?" என்று ஊசி முறைத்தார்.

"இந்த வயசுல அது நம்மளைக் கேட்டுக்கிட்டா வருது?"

இறங்கினேன். பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரை போகவில்லை என்றால் அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து மாசக்கணக்கில் பெருமூச்சு விடுவான். அதை யார் கேட்பது? பாட்டாவது ஒரு நேரத்தில் முடிகிறது.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டடைக் கொம்பை எடுத்துக்கொண்டு அவன் பீரோவுக்கு நேர் கீழே நின்றேன். எப்போது இடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டாம் வேண்டாம் என்று கேட்ட பாட்டு மாதிரி வேண்டும் என்று கேட்ட பாட்டுகூட மனசில் நிற்பதில்லை. இரைச்சல் ஏறியது, ஏறியது, நின்றது. இடித்தேன். மூன்று. கை மாற்றி, ஒன்று. காரை பெயர்ந்து தலையிலும் கண்ணிலும் விழுந்தது. மேலே கைதட்டல்.

திரும்பிப் போனால், நரைத்த தலைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பேராசிரியை மட்டும் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தலையில என்ன ஐயா வெள்ளையா?"

"நரைம்மா. வயசாச்சுல்ல."

"காரை மாதிரி இருக்கே?"

"பழைய நரை."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றார். "ஐயா, நீங்க இப்படி என் பக்கத்துல உக்காருங்க. இந்தத் தடவை எங்கயும் போகக் கூடாது."

மாட்டிக்கொண்டேன். மைத்துனன் ரெக்கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். பாட்டு ஓடுகிறது. எனக்கு வேர்க்கிறது. என்னவாவது சொல்லிக் கெடுத்துவிடலாமா, இருமலாமா என்று பார்த்தேன். வீட்டுக்காரியைத் தேடினேன். தேநீர்த் தட்டு கட்டில்மேல் இருந்தது. அவளைக் காணோம்.

இரைச்சல் நின்றது.

டொக், டொக், டொக். டொக். கிணிகிணி.

நான் அசையவில்லை, சத்தியமாக. நரைத்த தலைகள் மறுபடியும் கைதட்டின. மைத்துனன் தட்டவில்லை. தரையில் ஊன்றின கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றான்.

"என்ன?" என்றார் ஊசி.

"மொத தடவை மாமா. இப்ப அக்கா." எழுந்து, யாரையும் கேட்காமல் அவனே ஊசியைத் தூக்கிவிட்டான். ஊசிக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. "கட்டுரையைக் குடுத்துடுங்கம்மா. தப்பா எழுதிட்டேன். அது நாவல்லேர்ந்து வரலை. கீழ் வீட்லேர்ந்து வந்துச்சு."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி மாடியேறி வந்து நின்றாள். தலையெல்லாம் ஒட்டடை. கையில் கொம்பு. அதைக் கீழே வைத்துவிட்டு வரவேண்டும் என்கிற புத்தி வேண்டாமா?

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கம்பெனிக்காரன் துடைச்சுட்டான்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க! துடைக்கிற கொம்பு இங்கதானே இருந்திருக்கு!" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அது சரி ஐயா, நாவல்ல வர்ற அதே மூணு, அப்புறம் ஒண்ணு, கீழ் வீட்டுக்கு எப்படி வந்துச்சு? நீங்க அந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?"

"நான் மருந்துச் சீட்டையே படிச்சதில்லை."

"அப்படின்னா இன்னும் நல்லது." மைத்துனன் கையில் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். "இதை நான் போடத்தான் போறேன். என் ரெக்கார்டுல அந்த இடம் வரும்போதெல்லாம் ஏதோ குறையுதுன்னு தோணும். அது இன்னைக்குத்தான் நிறைஞ்சுது. ஆனா கடைசிப் பக்கத்தை மாத்தி எழுதணும். அன்னைக்கு டேப்புல தட்டினது யாருன்னு உண்மையை எழுதணும்."

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் வீட்டுக்காரி.

திரும்பிப் பார்த்தேன். கொம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள், கோட்டைக் காவல் மாதிரி.

"சாப்பாடு ஆறுது, கீழ வாடான்னு நான்தான் தட்டிக் கூப்பிடுவேன். மூணு தட்டிட்டு, வர்றானான்னு நின்னு பாப்பேன். வரமாட்டான். அப்புறம் ஒண்ணு."

"நிறுத்துடான்னு நான் தட்டுறது அது. மூணு தட்டினதும் தோள் பிடிச்சுக்கும். கை மாத்தி ஒண்ணு."

"தம்பி மத்தியானத்துலதான் பதிவு பண்ணியிருக்கான். மத்தியானம் நீங்க மில்லுல இருப்பீங்க."

"அன்னைக்கு லீவு."

"என்னைக்கு?"

"அவன் பதிவு பண்ணுன அன்னைக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? லீவே போடாதவனா நான்?

டேப்பை மறுபடியும் போட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கோர்ட்டு மாதிரி கேட்டார்கள். "அக்கா கைதான்" என்றான் மைத்துனன். "பதமா இருக்கு. மாமா இடிச்சா காரை விழுற சத்தமும் சேர்ந்து வரும்." ஊசியும், "ஆமா, இது கூப்பிடுற தட்டுதான், திட்டுற தட்டு இல்லை" என்றார். இருந்த ஒரு மரியாதையும் அத்தோடு போயிற்று. பஸ் ஓட்டினவருக்குத் தட்டைப் பற்றி என்ன தெரியும்?

மைத்துனன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "செத்தவன் தட்டுறான்னு எழுதி வெச்சிருந்தேன் அக்கா. நீ சாப்பிடத்தான் கூப்பிட்டிருக்கே."

"ஒரு நாளாவது கூப்பிட்டதும் வந்தியா?" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். "மாமா, கோவமா?"

"எனக்கென்ன கோவம்? எழுதுறதைச் சரியா எழுது."

"உங்களைப் பத்தியும் ஒரு வரி போடுறேன் மாமா."

"உன் வரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் கையிலிருந்து கொம்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே பேராசிரியை, "ஐயா, இருங்க, இன்னொரு தடவை கேட்டுட்டுப் போங்க" என்றார். நான் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் டேப்பைப் போட்டுவிட்டார்கள். படியில் பாதி இறங்கினபோது இரைச்சல் நின்றது. என் காலும் நின்றது.

மூன்று தட்டு. அப்புறம் அந்த இடைவெளி.

அது கை மாற்றுகிற இடைவெளி. நன்றாகத் தெரிகிறது. சாப்பிடக் கூப்பிடுகிறவள் அவ்வளவு நேரமா காத்திருப்பாள்? இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாள் அப்படிப் பொறுமையாகக் கூப்பிட்டிருக்கிறாளா?

நாலாவது தட்டு விழுந்தது. என் தட்டுத்தான். கொம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு மிச்சப் படிகளையும் இறங்கிப் போனேன்.