பெயருக்கு விட்ட இடம்

என் கணவர் மாகீருக்கு வாசிக்கத் தெரியாது. எருசலேமில் கல்லில் எழுத்து வெட்டியவர்கள் பலருக்கும் தெரியாது. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் நாணற்கோலால் பாறையில் மைகொண்டு எழுதுவேன். அவர் மையின்மேல் உளியை ஓட்டுவார். என் அப்பா அரண்மனைக் கிடங்கில் எழுத்தர். அவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் எழுத்து எனக்கு வந்தது.

மாகீர் மையை முழுதாக நம்புகிறவர். ஒருமுறை என் கோலிலிருந்து ஒரு சொட்டு பாறையில் விழுந்துவிட்டது. துடைக்கத் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அதையும் அழகாக வெட்டி முடித்திருந்தார்.

"அது சிந்தினதுங்க," என்றேன்.

"கறுப்பா இருந்துச்சு," என்றார்.

செத்தவர் வீட்டார் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை.

கிதரோன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துச் சரிவில் எலியோனாய் தமக்கு ஒரு கல்லறை குடைவித்தார். அரண்மனைக் காரியங்களையெல்லாம் பார்க்கும் விசாரிப்புக்காரர். வாசலுக்கு மேலே ஒரு சாபம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன்: இதற்குள் எடுத்துப்போக ஒன்றும் இல்லை, எலும்புதான் இருக்கிறது, திறக்கிறவனுடைய கை உலர்ந்துபோவதாக. மாகீர் அதை வெட்டினார். மேல் வரியில் பெயருக்கு இடம் விட்டார். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கல்லறையில் வெட்டுவதில்லை. வெட்டினால் கல் ஆளைக் கூப்பிட்டுவிடும்.

எலியோனாய்க்கு அது பிடிக்கவில்லை.

"நான் செத்தப்புறம் பேரச் சரியா வெட்டினியான்னு யாருப்பா பாக்கறது?"

"உங்க மகன் பாப்பாருங்கய்யா," என்றார் மாகீர்.

"அவனுக்கு எங்க வாசிக்கத் தெரியுது?"

"எனக்கும் தெரியாதுங்கய்யா. நான் வெட்டலையா?"

எலியோனாய் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "சரி, இடத்தத் தாராளமா விடு. இன்னொரு பதவி வர்ற மாதிரி இருக்கு."

தாராளமாகவே விட்டார். பதவி வரவில்லை. பாபிலோன்காரர்கள் வந்தார்கள்.

முற்றுகையின் கடைசிக் கோடையில் மாகீர் செத்தார். பசி என்று சொன்னால் போதும். நகர வாசல்கள் அடைத்திருந்தன. வீட்டுக்குப் பின்னால் அத்திமரத்தடியில் புதைத்தேன். ஊருக்குள் புதைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் கோடையில் வழக்கம் என்று எதுவும் மிச்சம் இருக்கவில்லை. பிறகு மதில் இடிந்தது, நகரம் எரிந்தது. எலியோனாயையும் மகனையும் விலங்கு போட்டு வடக்கே கொண்டுபோனார்கள். பாபிலோன் ராஜா தங்கியிருந்த ரிப்லாவில் இருவரையும் வெட்டிப் போட்டதாகச் செய்தி வந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று ஏழைகளை விட்டுவிட்டுப் போனார்கள். ஏழைகளைத் தேர்ந்தெடுத்த அதிகாரி என்னை இரண்டாம் முறை பார்க்கவே இல்லை.

மறுவருடம் அத்திமரத்தடியை நரிகள் தோண்டத் தொடங்கின. எலும்பைத் தகப்பன்மாரோடு சேர்ப்பது எங்கள் முறை. மாகீரின் தகப்பன்மார் லாகீசில் கிடக்கிறார்கள். அங்கே இப்போது தெற்கேயிருந்து வந்த ஏதோமியர்கள் இருக்கிறார்கள். எலும்பு நரிவாயில் போனவன் யாரோடும் சேர்வதில்லை. அவர் சேரவேண்டும். எங்கே என்று யோசித்தபோது, அவர் கையால் விட்ட அந்த வெற்றிடம் ஞாபகம் வந்தது.

எலும்புகளைப் பொறுக்கிக் கூடையில் வைத்து, துணி மூடிக்கொண்டு சரிவில் ஏறினேன். கல்லறை வாசலில் ஒருவன் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தான். உள்ளே ஆடுகள். அவன் பெயர் பேரி. வீடு எரிந்துபோன இடையன்.

"இது எலியோனாய் ஐயாவோட கல்லறை, தம்பி."

"அவரு உள்ள இல்லக்கா. பாத்துட்டுதான் வந்தேன்."

"மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"ஆடு கட்டக்கூடாதுன்னா?"

வாசித்துக் காட்டினேன். கறப்பதை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கை நல்லாத்தான் இருக்கு. பல்லுதான் வலிக்குது. அது முன்னாடியே இருந்த வலி."

"சாபம் மெதுவா வரும்."

"மொதல்ல உள்ள போனது ஆடு. நான் அதத் தேடித்தான் போனேன். கூடைல என்னக்கா? அத்திப்பழமா?"

"என் வீட்டுக்காரர்."

அவன் பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டப் போய் நின்றான்.

"இங்க வச்சுடாதக்கா. எலும்பு கிடக்கற இடத்துப் பால எவன் வாங்குவான்? மிஸ்பா ஊர்லேருந்து பால் வாங்க ஆளு வர்றாங்க. தீட்டுன்னு தெரிஞ்சா மோந்துகூடப் பாக்கமாட்டாங்க."

"பக்கத்துல இன்னொண்ணு பாதி குடைஞ்சு கிடக்கே. நீ அங்க போயேன்."

"ஏன், நீ போயேன்."

"அதுல படுக்க மேடை இல்ல. எலும்பு சேக்கற குழி இல்ல."

"ஆட்டுக்குக் குழி வேணாம்தான்," என்று ஒப்புக்கொண்டான். "ஆனா அங்க எழுத்து இல்லையே."

"உனக்கு எழுத்து எதுக்கு?"

"போன மழைக்காலத்துல ரெண்டு ஏதோமியனுங்க வந்தானுங்க, ஆடு திருட. ஒருத்தன் மேல பாத்தான், வாய்க்குள்ள என்னவோ சொன்னான், ரெண்டு பேரும் திரும்பிப் போயிட்டானுங்க. மேல என்னவோ வலுவாத்தான் எழுதியிருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன். அங்கயும் அதே மாதிரி வெட்டிக் குடு. இன்னிக்கே காலி பண்றேன்."

"வெட்டறவர் கூடைல இருக்கார்."

"அப்ப நீ வெட்டு."

நான் அதுவரை உளியைத் துடைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டிருக்கிறேன்; பிடித்ததில்லை. ஆனால் அவன் சொன்னதைத் தவிர வேறு வழியும் தெரியவில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைத்திருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்தேன். கூடையை ஒரு முள்மரத்தில் மாட்டிவிட்டு, விளக்குக்கரியைப் பிசினில் குழைத்தேன்.

"எலும்புன்னு எழுதாதக்கா. ஆடுன்னு எழுது," என்றான் பேரி.

"ஆடுன்னு எழுதினா ஆடு இருக்கறது தெரிஞ்சுடும்."

"அப்ப ஒண்ணுமே இல்லன்னு எழுது."

"உள்ள ஆடு கத்துமே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எழுத்த நம்பறதா காத நம்பறதாங்கறது திருட வர்றவன் பாடு."

இதற்குள் ஒன்றும் இல்லை என்றே எழுதினேன். முதல் வரி நான் எழுதியதுபோல் வரவில்லை. உளி தன் இஷ்டத்துக்குப் போனது. இரண்டாம் வரியில் என் கட்டைவிரல் நசுங்கியது. கடைசி வரியில், கை உலர்ந்துபோவதாக என்கிற இடத்தில்தான், கல்லை வெட்டக்கூடாது, மையைத்தான் வெட்டவேண்டும் என்று பிடிபட்டது. மாகீர் இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

பேரி எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஆட்டுக்கு இது போதும்," என்றான்.

சொன்னபடியே மாறிக்கொண்டான். ஒரு கிழட்டுக் கிடா மட்டும் பழைய இடத்தைவிட்டு நகர மறுத்தது. அதை இரண்டுபேரும் சேர்ந்து இழுத்தோம். புழுக்கையை வாரிக் கொட்டிவிட்டு ஓடை மணலைப் பரப்பினேன். கூடையை இறக்கி, மாகீரை எலியோனாயின் மேடைமேல் முறையாக அடுக்கினேன். விலா எலும்பு ஒன்று குறைந்தது. நரி கொண்டுபோயிருக்க வேண்டும். இருந்ததை வைத்தேன். பேரி தீட்டுக்குப் பயந்தாலும் வாசல் கல்லைத் தள்ளத் தோள் கொடுத்தான்.

திறந்து கிடந்ததை எடுத்துக்கொண்டவள் நான். சாபம் என் கைமேல் வருவதாக இருந்தால் வரலாம்; ஆனால் அதை எழுதியதும் நான்தான், பெயர் வெட்டி முடிகிறவரை பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பொறுத்துக்கொண்டது.

மாகீர், சல்லூமின் மகன் என்று மையால் எழுதினேன். கடைசி எழுத்தை முடித்து எடுக்கும்போது கோலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். பிறகு இடுப்பிலேயே செருகிக்கொண்டு உளியை வைத்தேன். எழுத்துகள் ஓரளவுக்கு நேராக வந்தன. சொட்டு நன்றாகவே வந்தது.

இரண்டு பதவிக்கு விட்ட இடத்தில் அவர் பெயர் ஒரு மூலையில் அடங்கிவிட்டது.

"மிச்ச இடம் யாருக்குக்கா?" என்றான் பேரி.

"எனக்கு."

"உளி கைல இருக்கறப்பவே வெட்டிடறதுதானே?"

"கூடாது. கல்லு கூப்பிட்டுடும்."

"அப்ப நீ போனப்புறம் யாரு வெட்டுவா?"

எலியோனாய் கேட்ட கேள்விதான். அவருக்கு மகனாவது இருந்தான்.

அதற்குப் பிறகு மலைச்சரிவில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தபின் கரி குழைத்து, மாகீருக்குப் பக்கத்தில் என் பெயரை மையால் எழுதிவைக்கிறேன். மை கல்லுக்குக் கேட்பதில்லை. அடுத்த மழையில் அது அழிந்துபோகிறது. நான் இருந்தால் மறுபடி எழுதுகிறேன். உளியைப் பேரியிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். நடுநடுவே தன் கல்லறை வாசலில் அதை வைத்துப் பழகிப் பார்க்கிறான். அங்கே இப்போது புரியாத எழுத்துகள் நிறைய இருக்கின்றன. ஏதோமியர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதேக்கா," என்றான் உளியை வாங்கும்போது.

"வேணாம். கறுப்பா இருக்கறத மட்டும் வெட்டு."

"சிந்தினதையுமா?"

"அதையும்தான்," என்றேன்.