சட்டை வெளியே

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் புரூக் ஆறாவது வாசனைக் குப்பியைத் திறந்து ஆர்மானின் மூக்கடியில் நீட்டினாள். லவங்கப்பட்டை. அவன் ஜன்னலுக்கு வெளியே கிடந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரோஜா, எலுமிச்சை, வெட்டிய புல், சுட்ட ரொட்டி, காப்பி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இல்லத்துக்குப் புதிதாக வாங்கிய பெட்டி. மறந்தவர்களுக்கு வாசனை நினைவைக் கொண்டுவருமாம். புரூக் தாளில் எழுதியதை ஓடெட் எட்டிப் படித்தாள். ‘வாசனை உணர்வு இல்லை.’

“என் புருஷனுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு. உன் பெட்டியிலதான் சரக்கு இல்ல,” என்றாள்.

“வருத்தப்படாதீங்க மேடம். சில பேருக்கு எல்லாமே போயிடும்.”

அப்போதுதான் ஆர்மான் திரும்பினான். “நீங்க யாரைப் பாக்க வந்திருக்கீங்கம்மா?” என்று ஓடெட்டிடம் மரியாதையாகக் கேட்டான்.

எட்டு மாதமாக இந்த மரியாதைதான். நாற்பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதைவிடக் கேவலம் வேறு இல்லை. ஒரே ஒரு தடவை அவன் தன்னை அடையாளம் தெரிந்து பார்க்க வேண்டும். தேவாலயத்தில் முழங்கால் போட்டால் அவள் கேட்பது அதை மட்டும்தான்.

ஆற்றங்கரைக் காகித ஆலையில் அவன் முப்பத்தொரு வருடம் மரக்கூழ் வேகவைத்தவன். அழுகிய முட்டையையும் வெந்த முட்டைக்கோசையும் ஒன்றாகக் கலக்கிய நாற்றம். வெளியூர்க்காரர்கள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஊரைக் கடப்பார்கள். ஆலையை மூடி, இடித்து, தரைமட்டமாக்கியபின் ‘தூய காற்றின் ஊர்’ என்று நுழைவாயிலில் பலகை வைத்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் ஓடெட் பழிப்புக் காட்டுவாள். ஆனால் அந்த நாற்றத்தை அவளும்தான் வெறுத்தாள். அவன் வேலை முடிந்து பின்வாசலுக்கு வந்ததும், “சட்டை வெளிய!” என்று உள்ளேயிருந்தே கத்துவாள். பனி கொட்டினாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவள் ‘உள்ள வா’ என்னும்வரை நிற்பான். அவள் இரண்டு விரலால் சட்டையை வாங்குவாள். ஒரு நாளாவது அப்படியே கட்டிப்பிடித்திருக்கலாம் என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அன்றே வீட்டுக்குப் போய் ஆறு முட்டை, அரை முட்டைக்கோசு வேகவைத்து, ஜாடியில் அடைத்து, அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். ஒன்பது நாள் தொடவில்லை.

பத்தாம் நாள் ஆர்மானின் அறை நடுவே நின்று மூடியைத் திருகினாள்.

பணிப்பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எதிர் அறையிலிருந்து வில்ஃபிரெட் கிழவரின் குரல் கேட்டது. “டேய், மில்லைத் திறந்துட்டாங்களாடா?”

புரூக் பதறி வந்தாள். “ஐயோ மேடம், மூடுங்க! மேலிடத்துக்குத் தெரிஞ்சா உங்களை இனிமே உள்ளயே விட மாட்டாங்க!”

“விடலன்னா ஜன்னல் ஏறி வருவேன். உன் ஆறு குப்பியைத் திறந்தப்ப நான் ஏதாவது சொன்னேனா? இது என் குப்பி.” ஓடெட் மூடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆர்மானின் மூக்கு விடைத்தது. நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்தான். இருவரையும் தாண்டிக் கதவுக்கு வெளியே போனான்.

“பாத்தீங்களா, பயந்துட்டார்,” என்றாள் புரூக்.

அவன் எங்கும் போகவில்லை. வாசலுக்கு அப்பால் நின்று அறையைப் பார்த்துத் திரும்பினான். மேல் பொத்தானில் விரல் வைத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினான். அந்த விரல்களால் காலையில் கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை. சட்டையை உருவிக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டினான். வெளிறிய மார்பில் மயிர் சிலிர்த்திருந்தது.

ஓடெட் ஜாடியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

“என்னடி பாக்குற? குளிருது, சொல்லு,” என்றான்.

ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாசலுக்குப் போனாள். இரண்டு கையாலும் சட்டையை வாங்கி முகத்தைப் புதைத்தாள். இல்லத்துச் சோப்பு வாசனைதான் அடித்தது. அதை விரித்து அவன் தோளிலேயே திரும்பப் போட்டாள்.

“சட்டையோடயே உள்ள வா.”

ஆர்மான் தோளில் கிடந்த சட்டையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்பவன் போல், ஒரு காலை மட்டும் அறைக்குள் வைத்து நின்றான்.