தானாக ஓடும் ரயில் தோட்டம்

பொம்மை ரயில் ஓடும் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கோலெட் கடைசி வயரை முறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே கட்டிலிலிருந்து அப்பா எல்மரின் குரல் வந்தது.

"நாப்பது மாடி லிஃப்ட்டை சரியா நிறுத்துற. என் வண்டியை ஸ்டேஷன்ல நிறுத்த முடியலையா?"

"லிஃப்ட் வாயை மூடிக்கிட்டு இருக்கும்ப்பா."

எல்மர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. அது அடங்கும்வரை அவள் கை அசையவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் நிலவறையில் எழும் பொம்மை ஊரான ரயில் தோட்டம் இந்த வருஷம் முன்னறைக்கு வந்திருந்தது. எல்மருக்கு நுரையீரல் புற்று, அவரால் படி இறங்க முடியாது. ஆஸ்பத்திரி போதுமென்று வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு பர்னெல் சோபாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போக, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மலை, குகை, பாலம், பஞ்சுப் பனி போர்த்திய தேவாலயம்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள். முன்னால் போகும் சரக்கு வண்டி குகையைத் தாண்டும்வரை பயணி வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும். இத்தனை காலமும் எல்மர்தான் கையால் நிறுத்தி, கையால் விட்டார். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். அவர் கண் மட்டும் விசையை விட்டு நகராது.

"ஒரு தடவையாவது நானும் விருந்தாளியா பாக்கணும். தானா ஓடுற மாதிரி பண்ணு" என்று மகளிடம் கேட்டிருந்தார்.

இன்று சாயங்காலம் தெரு வரும். காலையிலிருந்து பயணி வண்டியோ நிற்காமல் போய் சரக்கு வண்டியின் வாலில் முட்டிக்கொண்டே இருந்தது.

"மறுபடி விடு" என்றார்.

விட்டாள். முட்டியது.

அம்மா வெர்னா சமையலறையிலிருந்து வந்தாள். "வெயில் அவர் மூஞ்சியிலேயே அடிக்குது. ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாதா?" என்று திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

பயணி வண்டி ஸ்டேஷனில் நின்றது.

கோலெட் பலகைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். சரக்கு வண்டி குகைக்குள் போய் வெளியே வந்தது. விளக்கு பச்சையானது. பயணி வண்டி கிளம்பியது.

"வெயில்ப்பா. வெயில் பட்டு சென்சார் குழம்பியிருக்கு."

"உன் படிப்பை உங்கம்மா ஒரு திரையில மூடிட்டா."

அவள் சிரித்தபடியே எழுந்தாள். கை அனிச்சையாக விசைக்குப் போனது.

"கையை எடு."

எடுத்தாள். வண்டிகள் நின்றன, போயின, வழிவிட்டன. மங்கிய அறையில் பெட்டிகளின் ஜன்னல்கள் மஞ்சளாக எரிந்தன. எல்மர் தலையணையில் ஒருக்களித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணை ஓட்டினார். "அந்தச் சாப்பாட்டுப் பெட்டியில ஆள் உக்காந்திருக்கான். இவ்வளவு நாள் நான் பாக்கவே இல்ல."

"நீங்கதானே ஒட்டி வச்சீங்க."

"ஒட்டுனேன். பாக்கல."

அவள் பாலத்துக்கருகே வேகத்தைச் சரிசெய்தாள். "இவ்வளவு மெதுவா போனா போதுமாப்பா?"

திரும்பினாள். அவர் கண் திறந்திருந்தது. வண்டி கடந்தது, கண் அதைப் பின்தொடரவில்லை.

சூப் கிண்ணத்தோடு வந்த வெர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அவர் கண்களை மூடினாள். வண்டிகளை நிறுத்த கோலெட் விசையை நோக்கி நகர்ந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் வெர்னா.

வெளியே படிகளில் பனியை உதறும் காலடிகள் கேட்டன. கோலெட் போய்க் கதவைத் திறந்தாள்.

"ஓடுதா?" என்றார் பர்னெல், கையில் ஒரு தட்டு பிஸ்கட்டோடு.

"ஓடுது. உள்ள வாங்க."

கட்டிலைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றப் பார்த்தார். தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிகளின் மஞ்சள் ஜன்னல் வெளிச்சங்கள் அவர் கோட்டின்மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போயின.