ஓடையில் ஒரு மீன்

கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த பூத்துண்டை ஜெபகுமார் அங்கிள் உருவி நாற்காலி முதுகில் போட்டபோது வைஷாலி அவருக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஆன் பண்ணும்மா. ரெண்டு நிமிஷ வேலதான்."

ஹாலில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைச் செங்கல்பட்டுக்குக் காரில் கொண்டுபோனார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. மதுரையிலிருந்து பெரியப்பா வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

"இப்ப எதுக்கு அங்கிள்?"

"அப்பா பிளாக்ல ஒரு வரி போடணும். அந்த ஒரு ஆளு காத்துக்கிட்டு இருப்பாருல்ல?"

எதிர் குவார்ட்டர்ஸ்காரர், அப்பாவோடு ஒரே ஆபீஸ். அவருக்குத் தெரியாத கதையா அது? சதுரங்கப்பட்டினம் கழிமுகத்துக்கு வரும் பறவைகளைப் பற்றி அப்பா 'உப்பங்கழி' என்று வலைப்பதிவு எழுதினார். புதிதாக எது போட்டாலும் 'ஓடை' என்கிற ஃபீட் வழியாகச் சந்தாதாரரின் ரீடருக்கு, பதிவுகளைத் திரட்டிக் காட்டும் அவருடைய பக்கத்துக்கு, தானே போய்ச் சேர்ந்துவிடும். எத்தனை சந்தாதாரர் என்று பக்கத்தின் ஓரத்தில் காட்டும். இரண்டு வருஷமாக ஒன்றுதான்.

"ஓடையில ஒரே ஒரு மீனு. யாரு பெத்த புள்ளயோ!" என்று அப்பா டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெற்ற பிள்ளைதான். ப்ளஸ் ஒன் படிக்கும் வைஷாலி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ரீடரில் ஒரு பதிவு வந்தது. 'இடது தோளிலிருந்து விரல் வரை வலி. உள்ளான் பறவைகளை எண்ணி முடிக்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள்.' பதறிப்போய் வலைப்பதிவைத் திறந்தாள். அங்கே அது இல்லை. போட்ட கையோடு அழித்திருக்கிறார். ஆனால் ஓடையில் விட்டது திரும்பி வராது. அங்கே அழித்தது இவளிடம் அப்படியே இருந்தது.

அப்பா அடுப்படியில் விசிலடித்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். கேட்டால் மீன் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் எதையும் எழுதமாட்டார். பதிவையே எடுத்துவிட்டாரே, வலியும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று செவ்வாய்.

"ஒரு வார்த்த சொல்லலியே!" ஹாலில் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே மனுஷன்! தெரிஞ்சிருந்தா அப்பவே இழுத்துட்டுப் போயிருப்பேனே!"

வேலைக்கு வரும் வேண்டா அக்கா டம்ளரோடு உள்ளே வந்தாள். "இன்னா பாப்பா, காலீலேந்து பச்சத்தண்ணி குடிக்கல. இந்தா, டீயாவது குடி."

டம்ளரை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தாள்.

கம்ப்யூட்டரை அங்கிளே ஆன் பண்ணி மவுஸைப் பிடித்தார். திரையில் அம்பு மேலும் கீழும் அலைந்து, ஓரிடத்தில் நின்றது.

"இதென்னம்மா, ரீடர்னு இருக்கு? அப்பாவுதா?"

"இல்ல அங்கிள். என்னோடது. ஸ்கூல் ப்ராஜெக்ட்."

அம்பு நகரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைப்பது போலிருந்தது. மாட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த உப்பங்கழியைத் திறந்து, ஒற்றை விரலால் தட்டினார்.

'பாலசுப்ரமணியன் இன்று காலை காலமானார். விடாமல் வாசித்துவந்த உங்களுக்கு நன்றி.'

"ஒரே ஆளுதானே. 'உங்களுக்கு'ன்னே போட்டுட்டேன். சரிதானம்மா?"

"ம்."

"யாருன்னு தெரிஞ்சிருந்தா நேர்லயே சொல்லியிருக்கலாம்."

வெளியே கார்க் கதவு அறைந்தது. பெரியப்பாவின் குரல் கேட்டதும் அழுகை ஒருசேர எழுந்தது. அங்கிள் பதிவை வெளியிடும் பொத்தானை அமுக்கிவிட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினார்.

வைஷாலி ரீடரைத் திறந்தாள்.

உப்பங்கழி (1).

வாசிக்காதது ஒன்று என்று கணக்கு. தடித்த எழுத்தில் புதிது. அதன் கீழே ஞாயிற்றுக்கிழமையுடையது மெலிந்து கிடந்தது, வாசித்தாயிற்று என்று. புதியதை அவள் தொடவில்லை. பழையதன் அடியில் சின்னதாக ஒரு கட்டம், வாசிக்காததாக வைத்துக்கொள்ள. அதைச் சொடுக்கினாள். அந்த வரி மறுபடி தடித்தது.

உப்பங்கழி (2).

ஹாலில் ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது.

"வைஷாலி! அப்பாவக் கடைசியாப் பாத்துக்க வாடி!" அம்மா கூப்பிட்டாள்.

நாற்காலியிலிருந்த பூத்துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்தினாள். நைந்த துண்டு. வெளிச்சம் பூக்களுக்கு நடுவே தெரிந்துகொண்டிருந்தது.