எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் சுமப்பதில்லை

பாலைவனத்தில் எங்கள் ஊர் சிங்கேத்தியிலிருந்து வதானுக்கு நடக்கிறவர்கள் மூன்றாம் நாள் மாலை ஒரு கிணற்றை அடைவார்கள். அதைத் தோண்டியவர் என் தந்தையின் தந்தை. அவர் பெயராலேயே அதை அழைப்பார்கள். எங்கள் வீட்டார் அந்த வழியில் போனால் மூன்று நாளுக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் அளந்து எடுப்போம். அதற்கு மேல் ஒரு குவளை சுமந்தாலும், தோண்டியவரை நாங்களே நம்பவில்லை என்று ஆகிவிடும். ஒட்டகத்தில் உப்பு ஏற்றி விற்கப் போன நாட்களில் நான் அப்படித்தான் நடந்தேன். எங்களோடு நடந்தவர்களில் ஒருவர்கூடத் தாகத்தால் செத்ததில்லை.

இப்போது உப்பு வியாபாரம் இல்லை. குளிர்காலத்தில் விமானத்தில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒட்டகத்தோடு மணலில் நடத்திக் கூட்டிப்போவது என் மகன் யெஸ்லெமின் தொழிலாக இருந்தது. முன்பு மார்ச் கடைசிவரை அவர்கள் நடப்பார்கள். போன ஆண்டு பிப்ரவரி பாதியிலேயே கிழக்குக் காற்று சுடத் தொடங்கியது. பாதிப் பேர் பயணத்தை ரத்து செய்தார்கள். ஓதில் என்ற அம்மாள் மட்டும் வந்தாள். அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். எங்களிடம் வருவது மூன்றாம் முறை. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை வதான் வரை நடந்தே தீருவேன் என்றாள்.

அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஆடு மேய்க்கும் தெத்தா சந்தையில் என்னை நிறுத்தினான்.

"ஹாஜி, உங்க தாத்தா கிணத்துல கயிறு பத்தல. அஞ்சு முழம் சேத்துக் கட்டி இறக்கினேன். வந்தது பூரா சேறு."

"உன் கயிறு குட்டை. அதுக்குக் கிணத்தைக் குறை சொல்லுவியா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெத்தா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அவன் சொன்னதை யெஸ்லெமிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுத முடியாது. மறக்கவில்லை.

புறப்பட்ட காலையில் யெஸ்லெம் மூன்று ஒட்டகங்களையும் எங்கள் வாசலில் மடக்கி உட்காரவைத்துச் சுமை கட்டினான். எதிரே மூலாயின் கடையில் மற்ற வழிகாட்டிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அவன் இரண்டு மஞ்சள் கேன்களைத் தூக்கி வந்து கட்டினான். இரண்டிலும் தளும்பத் தண்ணீர்.

கடையிலிருந்து பூபா கத்தினான். "என்னப்பா யெஸ்லெம், தாத்தா கிணறு வத்திப்போச்சா? வீட்லேர்ந்தே தூக்கிட்டுப் போற?"

"இல்லடா, கிணத்துக்குச் சீர்வரிசை கொண்டுபோறான்!" என்றான் இன்னொருவன்.

கடையே சிரித்தது. நான் ஒட்டகத்தின் அருகே போனேன்.

"இறக்கு."

"வாப்பா, இந்த வருஷம் வெயில் சரியில்ல. அந்தம்மாவுக்கும் வயசாச்சு. ரெண்டே கேன்தானே."

"இறக்குன்னு சொன்னேன்."

"அவனுங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. நமக்கென்ன?"

"அவனுங்க சிரிச்சது உன்னை இல்லடா. என் தாத்தாவை."

நாற்பத்தோரு வயது மனிதன் அவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆனாலும் குனிந்து கயிற்றை அவிழ்த்தான். என்ன என்று ஓதில் கேட்டதற்கு, ஒட்டகத்துக்குப் பாரம் அதிகம் என்று சொல்லிச் சிரித்தான். என் மருமகள் தெக்பெர் வந்து கேன்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் நண்பகலில் வதானிலிருந்து ஒரு வண்டி வந்தது. யெஸ்லெம் முன்னால் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்துக் கறுத்திருந்தது. வண்டியின் பின்புறம் போர்வை சுற்றிய உடல் கிடந்தது.

காவல் நிலையத்துக்கு அவனோடு நானும் போனேன். அதிகாரி கடலோரத்திலிருந்து வந்தவர், என் மகனைவிட இளையவர். எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். யெஸ்லெம் நின்றுகொண்டே சொன்னான்.

"கிணத்துல வாளி இறக்கினேன். மணல்ல தட்டிச்சு. நானே உள்ள இறங்கித் தோண்டிப் பாத்தேன். ஈரம்கூட இல்ல. அடுத்த கிணறு ஒன்றரை நாள் வழி. மிச்சமிருந்தது ஒரு பாட்டில். அதை அந்தம்மாகிட்ட குடுத்தேன். மறுநாள் காத்து அடுப்பு மாதிரி வீசுச்சு. ஒட்டகத்துல ஏத்திக் கட்டிக் கூட்டிப்போனேன். மத்தியானம் இறக்கச் சொன்னாங்க. இறக்கினேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாடி பாத்தாங்க. என் நாடியத்தான். நீ பொழச்சுக்குவன்னாங்க. அதுக்கப்புறம் பேசல."

அதிகாரி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு கேட்டார்.

"கூடுதலாத் தண்ணி ஏன் எடுக்கல?"

யெஸ்லெம் தரையைப் பார்த்தான். என் பக்கம் ஒருமுறை திரும்பினாலும் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவன் திரும்பவில்லை.

"மறந்துட்டேங்க."

"இருபது வருஷமா வழிகாட்டுற ஆளு. தண்ணிய மறந்துட்டியா?"

"ஆமாங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஹாஜி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வாசல், இரண்டு கேன், கடையின் சிரிப்பு, தெத்தாவின் ஐந்து முழக் கயிறு, எல்லாம் என் தொண்டைவரை வந்தன. அறைக்கு வெளியே ஊரார் நின்றிருந்தார்கள். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க வீட்டுப் பிள்ளை செஞ்சது தப்பு. வீட்டுப் பெரியவன்கிற முறையில நான் தலைகுனியறேன்" என்றேன்.

தலை குனியவும் இல்லை. உட்கார்ந்த நாற்காலியில் நிமிர்ந்தே இருந்தேன்.

யெஸ்லெமின் உரிமத்தைப் பறித்தார்கள். மூன்று மாதம் சிறையில் வைத்திருந்து வெளியே விட்டார்கள். வந்தவன் நுவாதிபூ துறைமுகத்துக்கு மீன் சுமக்கப் போவதாகச் சொன்னான். புறப்படும் முன் தெக்பெர் தேநீர் போட்டாள். முதல் கோப்பை குடித்தான். இரண்டாவதும் குடித்தான். மூன்றாவதை அவள் ஊற்றும்போது எழுந்துவிட்டான். எங்களில் மூன்று கோப்பையும் குடித்துத்தான் விடைபெறுவார்கள்; மனம் முறிந்து மூன்றாம் கோப்பைக்கு இருக்காமல் எழுகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் நான் ஒட்டகத்தில் அந்தக் கிணற்றைப் பார்க்கப் போனேன். ஒரு கல்லைப் போட்டேன். மணலில் விழுந்த ஓசை கேட்டது. வழியில் கூடாரம் அடித்திருந்தவர்களிடம் கிணற்றின் பெயரைச் சொன்னபோது, ஒரு இளம்பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் புருஷன்தான் விளக்கினான்.

"அதாம்மா, வெள்ளைக்காரம்மா செத்த கிணறு."

இப்போது அதற்கு அதுதான் பெயர்.

ஊரில் எனக்கு மரியாதை குறையவில்லை. மகன் இப்படி என்றாலும் தகப்பன் மலைபோல் நிற்கிறார் என்கிறார்கள். தொழுகைக்குப் போகும்போது வழிவிடுகிறார்கள். பூபாகூட எழுந்து நிற்கிறான்.

அந்த இரண்டு கேன்களும் வீட்டுக்குள் கதவோரம் நிரம்பியே இருக்கின்றன. இந்த ஆண்டு ஊர்க் குழாயில் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. தெக்பெர் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறாள். இவற்றைத் தொடுவதில்லை. தினமும் காலையில் கேன்களின் மேல் படிந்த மணலைத் துடைத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறாள். குரலில் கோபம் இல்லை.

"மாமா, இந்தத் தண்ணிய என்ன பண்ணட்டும்?"

நான் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருப்பேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள்.